மூடிய பாட்டிலுக்குள் ஓடும் கடிகாரம்

1945-ல் பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் இருக்கும் ரோமனே கோன்ட்டி தோட்டத்தில் கிடைத்த ஒயின் மொத்தமே 600 பாட்டில்தான். அதில் ஒரு பாட்டில் 2018 அக்டோபரில், நியூயார்க்கில் சதபீஸ் நடத்திய ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. விலையைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறொன்று. திராட்சைச் சாறு புளித்து உண்டான ஒரு பானம் எழுபது வருஷத்துக்கு மேல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அதுவும் சும்மா கிடக்கவில்லை. அத்தனை வருஷமும் உள்ளே வேதிவினை நடந்துகொண்டே இருக்கிறது.

முதலில், ஏன் 600 மட்டும் என்று பார்த்துவிடலாம். அந்தத் தோட்டத்தின் பரப்பு சுமார் 1.8 ஹெக்டேர். நல்ல வருஷத்தில்கூட ஐந்தாறாயிரம் பாட்டில் கிடைத்தால் பெரிது. 19-ம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை வேரோடு அழித்தபோது, பெரும்பாலானவர்கள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டிப் பிழைத்துக்கொண்டார்கள். ரோமனே கோன்ட்டியிலோ பழைய கொடிகளை விட மனசில்லாமல், மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு செலுத்தியே பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மருந்துக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. கொடிகள் நலிந்தன. 1945 அறுவடை முடிந்ததும் அவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒயினே இல்லை. சிறிய தோட்டங்களின் கணக்கு இதுதான். பிரான்ஸின் போர்தோ பகுதியில், போமெரோலில் இருக்கும் லு பேன் தோட்டம் மூன்று ஹெக்டேர்கூட இல்லை. நிலத்தை நீட்ட முடியாது, தீர்ந்துபோன வருஷத்தை மறுபடி தயாரிக்கவும் முடியாது.

சரி, பாட்டிலுக்குள் போவோம்.

சிவப்பு ஒயினுக்கு நிறம் தருபவை திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின்கள். வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு வருவது தோலிலும் விதையிலும் உள்ள டானின்களால். டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வழுவழுப்பைப் பறித்துவிடுகிறது. அதனால்தான் இளம் ஒயினைக் குடிக்கும்போது நாக்கு உலர்ந்து சொரசொரப்பாகிறது. காலம் போகப் போக டானின்கள் ஒன்றோடொன்றும், ஆந்தோசயனின்களோடும் கோத்துக்கொள்கின்றன. இந்தக் கோவைகளில் சில மிகப் பெரிதாகி, திரவத்தில் நிற்க முடியாமல் அடியில் வண்டலாக இறங்குகின்றன. துவர்ப்பும் மெல்ல மெல்லப் பதமாகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள். இளம் ஒயினில் ஓரம்வரை ஊதா படிந்திருக்கும். வயதான ஒயினில் விளிம்பு வெளிறி, செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நகர்ந்திருக்கும். பழைய பாட்டிலைத் திறப்பவர்கள் அதை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து வண்டலை அடிக்கு இறக்கிவிடுவார்கள். பிறகு கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, மிக மெதுவாக வேறு குடுவைக்குச் சாய்ப்பார்கள். தெளிந்த ஒயின் வெளிச்சத்தில் மின்னியபடி போகும். கழுத்தில் புகை மாதிரி ஒரு கீற்று எட்டிப் பார்த்ததும் கை நின்றுவிட வேண்டும். அந்தக் கீற்றுதான் பல வருஷத்து வேதியியல் விட்டுச் சென்ற தடயம்.

மணமும் மாறுகிறது. புதுப் பழ வாசனை தரும் எஸ்டர்களில் பல சிதைந்துபோகின்றன. அவற்றின் இடத்தில் காய்ந்த பழம், தோல், ஈர மண், காளான் போன்ற வாசனைகள் வருகின்றன. எல்லா ஒயினும் இப்படி மெருகேறும் என்று நினைத்துவிடக் கூடாது. உலகில் தயாராவதில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. அமிலம், டானின், சர்க்கரை இவற்றில் ஏதாவது போதுமான அளவு இருந்தால்தான் நீண்ட பயணத்தைத் தாங்கும்.

இத்தனைக்கும் வாசல் கழுத்தில் இருக்கும் அந்தச் சின்னத் தக்கை. தக்கை ஓக் மரத்தின் பட்டையை, மரத்தை வெட்டாமல் உரித்துச் செய்வது. போர்ச்சுகலில் ஒருமுறை உரித்தால் அடுத்த உரிப்புக்கு ஒன்பது வருஷம் காத்திருப்பார்கள். தக்கைக்குள் காற்று அடைத்த நுண்ணறைகள் கோடிக்கணக்கில் இருப்பதால் அமுக்கினால் சுருங்கி, விட்டால் விரிந்து கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கிறது. ஆனாலும் மிக மிகக் கொஞ்சமாக ஆக்ஸிஜனை உள்ளே விடுகிறது. அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஆக்ஸிஜன் அளவாக நுழைந்தால் டானின்களையும் நிறமிகளையும் கோக்க உதவும் அசிட்டால்டிஹைடு உண்டாகிறது. அதிகமானால், காவலுக்குச் சேர்த்த சல்பர் டைஆக்சைடு தீர்ந்து, ஒயின் பழுப்பேறித் தட்டையாகிவிடும். தக்கை காய்ந்து சுருங்காமல் இருக்கத்தான் பாட்டிலைப் படுக்கவைக்கிறார்கள். ஒன்றரை லிட்டர் மேக்னம் பாட்டிலில் ஒயின் இரு மடங்கு, கழுத்தோ ஏறக்குறைய அதே அளவு. ஆகவே அதில் வயது மெதுவாக ஏறும். நீண்ட நாள் வைக்க நினைப்பவருக்கு நான் மேக்னத்தைத்தான் சொல்வேன்.

வெப்பநிலையும் சும்மா விடாது. பத்து டிகிரி கூடினால் பெரும்பாலான வேதிவினைகளின் வேகம் இரண்டு மடங்கு அளவுக்கு ஏறும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. நிலவறைகளை 12, 13 டிகிரி செல்சியஸில் வைப்பது அதனால்தான். 2010-ல் பால்டிக் கடலில், பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலில் 168 ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்தன. சுமார் 170 வருஷம் இருட்டிலும் கடுங்குளிரிலும் கிடந்தவை. ஆராய்ந்தபோது லிட்டருக்குச் சுமார் 140 கிராம் சர்க்கரை இருந்தது. இன்றைய ஷாம்பெயினில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்து ருசியே ஒரு கப்பலோடு மூழ்கி, அப்படியே மேலே வந்தது.

அடுத்த சிக்கல், திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படி அறிவது? வாங்குபவர்கள் லேபிளைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கழுத்தை. ஒயின் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு காற்று உள்ளே இடம்பிடித்திருக்கிறது. எழுபது வயது பாட்டில் ஒன்று கழுத்து நிரம்பத் ததும்பி நின்றால் அதையும் சந்தேகப்பட வேண்டும்.

அரிய ஒயினில் போலி உண்டு, பெரிய அளவில் உண்டு. 2008-ல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு பர்கண்டியில் ஒயின் தயாரிக்கும் போன்சோ குடும்பத்தின் க்ளோ சாந் தெனி தோட்டத்து ஒயின், 1945 தொடங்கிய பழைய வருஷங்களின் பெயரில் வந்தது. அந்தக் குடும்பம் 1980களுக்கு முன் அந்தத் தோட்டத்து ஒயினைத் தயாரித்ததே இல்லை. லோரான் போன்சோ நேரில் வந்து ஏலத்திலிருந்து அவற்றை விலக்கவைத்தார். அந்தப் பாட்டில்களைக் கொடுத்த ரூடி குர்னியவான், வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து லேபிள் ஒட்டி விற்றது 2013-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் நிரூபணமானது. அடுத்த வருஷம் பத்தாண்டு சிறைத் தண்டனை.

இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிலிப் யூபேர் கண்ட வழி இது. சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையில் கிடைப்பது அல்ல, அணுப்பிளவில் மட்டுமே பிறப்பது. 1945-க்குப் பிறகு வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் அதைக் காற்றில் தூவின. அது மழையோடு இறங்கித் திராட்சைக்கும் ஒயினுக்கும் போனது. 1960களின் தொடக்கத்தில் உச்சம், பிறகு சரிவு, 1986-ல் செர்னோபிலால் மறுபடி ஒரு சின்ன ஏற்றம். அளவு மிக மிகக் குறைவு, குடிப்பவருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பும் காமாக் கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும். பாட்டிலைத் தடித்த ஈயக் கவசத்துக்குள், ஜெர்மேனியம் உணர்கருவிக்குப் பக்கத்தில் வைத்து நாள்கணக்கில் எண்ணினால் போதும், தக்கையைத் தொட வேண்டியதில்லை. 1930-ம் வருஷத்து ஒயின் என்று சொல்லும் பாட்டிலில் சீசியம் தெரிந்தால் கதை முடிந்தது.

எந்தத் தோட்டம் என்று இந்தச் சோதனை சொல்லாது. 1930-ம் வருஷத்து மலிவு ஒயினை 1930-ம் வருஷத்து அரிய ஒயினாக விற்றால் இது பிடிக்காது. அப்புறம், சீசியம்-137-ன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 30 வருஷம். 1963 பாட்டிலில் அன்று இருந்ததில் ஏறக்குறைய கால் பங்குதான் இன்று மிச்சம். ஒயினுக்கு வயது சொல்லும் அந்தக் கடிகாரத்துக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.