டிஜிட்டல்: விரலில் பிறந்த சொல்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெரியப்பா வயலில் நவரை நெல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டார்கள். மண்ணுக்குள் இருக்கும் பாதியில் மட்டும் துளைகள். உள்ளே ஒரு சென்சார். நீர்மட்டம் எவ்வளவு என்று கைப்பேசிக்கு எண்ணாக வந்துவிடும். "டிஜிட்டல் விவசாயம்" என்றார்கள் வந்தவர்கள். பெரியப்பா சேற்றில் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "விரலுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியப்போவுதா?" என்றார். அந்தச் சொல்லே விரலிலிருந்து வந்ததுதான் என்று எனக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை.

லத்தீனில் டிஜிட்டஸ் என்றால் விரல்; கால்விரலும் சேர்த்தி. விரல் விட்டு எண்ணிய பழக்கத்தால் 0 முதல் 9 வரையுள்ள குறிகளுக்கு ஆங்கிலத்தில் டிஜிட் என்று பெயர் வந்தது. விரலகல அளவுக்கும் அதே பெயர்தான், முக்கால் அங்குலம். நம் விரற்கடையும் ஏறக்குறைய அவ்வளவே. 12 விரற்கடை ஒரு சாண்.

கணினி வந்தபின் டிஜிட்டல் என்றால், ஓர் அளவை எண்ணாக்கி, அதை 0, 1 என்ற இரண்டே குறிகளில் எழுதிக் கையாளுவது. பாதரச வெப்பமானியில் கோடு வழுக்கிக்கொண்டே ஏறும். எண் காட்டும் வெப்பமானியில் 37.2க்கு அடுத்து 37.3தான், நடுவில் ஒன்றும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் 'மின்னணு' என்று எழுதிவிடுகிறார்கள். அது எலக்ட்ரானிக். வித்தியாசத்துக்குப் புதுச்சேரியிலேயே நல்ல உதாரணம் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினிக்கு வந்தது எண், ஒலிபெருக்கியில் போனது குரல். இரண்டும் மின்னணுக் கருவிகள். டிஜிட்டல் முதலாவது மட்டும்தான். (கடற்கரை வரை செய்தியைக் கொண்டுபோனது என்னவோ இரண்டாவது.)

'இலக்கமுறை' இலங்கையில் நன்றாகப் புழங்குகிறது. நமக்கும் ஆறிலக்க எண் தெரியும். ஆனால் பழைய கணக்கில் இலக்கம் என்றால் லட்சமும்கூட. 'எண்மம்' சுருக்கமானது, ஆனால் எண்மர் என்றால் எட்டுப்பேர், எண்திசை என்றால் எட்டுத்திசை. காதில் எட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் ஓட்டு 'எண்ணிம'த்துக்கு. எண்ணுதல் என்ற வினை, கணக்கிடுவது, நினைப்பது இரண்டையும் தமிழில் சுமக்கிறது. டிஜிட்டல் வேளாண்மை, எண்ணிம வேளாண்மை. சென்சாருக்கு 'உணரி' ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம், அந்தக் குழாயின் வேலைக்கு உழவரிடமே சொல் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை காயவிட்டு, பிறகு பாய்ச்சுவது. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக்கூடாது. மண்ணில் காற்றுப் புகுவதால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்கும், போர்த்தண்ணீரும் மிச்சம்.

ஒருநாள் காலையில் சிக்னல் இல்லை, கைப்பேசிக்கு எண் வரவில்லை. பெரியப்பா ஒரு வேப்பங்குச்சியைக் குழாய்க்குள் விட்டு எடுத்தார். மண்மட்டத்திலிருந்து ஈரம் தொடங்கும் இடம்வரை விரலை அடுக்கி வைத்து அளந்தார். எட்டு விரற்கடை. மோட்டாரைப் போடச் சொன்னார்.