ஆப்பிரிக்கா போய்த் திரும்புகிறவர்களுக்கு: மஞ்சள் அட்டையும் ஆறு நாள் தனிமையும்

நைஜீரியா, கானா, உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா என்று வேலைக்குப் போகிற நம் ஆட்கள் நிறையப் பேர். போர்வெல் வண்டியோடு போகும் திருச்செங்கோட்டுக்காரர்களும் அதில் உண்டு. விசா, டிக்கெட் எல்லாம் சரியாக வைத்திருப்பார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதன் வினை தெரிவது பெரும்பாலும் ஊர் திரும்பும்போதுதான்.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, டெங்குவைக் கொண்டுவருகிற அதே கொசு, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. கிருமியோடு ஒருவர் வந்து இறங்கினால் போதும், மற்றதைக் கொசு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் இந்த விஷயத்தில் அரசு இவ்வளவு கறார். நோய் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து ஆறு நாட்களுக்குள் இந்தியா வருகிறவரிடம் ஊசி போட்டதற்கான செல்லுபடியாகும் சான்றிதழ், அதாவது மஞ்சள் அட்டை, இல்லையென்றால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். வீட்டுக்குப் போய்த் தனியாக இருந்துகொள்கிறேன் என்று சொன்னால் விடமாட்டார்கள்.

ஆறு நாள் என்பதற்குக் காரணம் உண்டு. கொசு கடித்தபின் பொதுவாக 3 முதல் 6 நாட்களில் நோய் வெளியே தெரியும். கணக்கு நீங்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து தொடங்குகிறது, இங்கே இறங்கிய நாளிலிருந்து அல்ல. வரும் வழியில் துபாயில் நான்கு நாள் தங்கியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விமானம் மட்டும் மாறியவர்கள், நிலையத்தை விட்டு வெளியே போகவில்லை என்று சுகாதார அலுவலர் ஏற்றுக்கொண்டால் விலக்கு உண்டு. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட்டுக்கொள்ள முடியாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பல பேருக்குப் போட்டு முடிக்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஊசி போட்டதும் கையில் கிடைக்கும் மஞ்சள் நிற அட்டையை அங்கேயே நின்று சரிபாருங்கள்: பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, தடுப்பூசியின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்), கையெழுத்து, முத்திரை. ஓர் எழுத்து தப்பினாலும் நள்ளிரவில் கவுன்டர் முன்னால் நின்று திருத்த முடியாது.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலை 11 முதல் உலக அளவில் இதுதான் விதி. ‘10 ஆண்டு’ என்று அச்சிட்ட பழைய அட்டைக்கும் இது பொருந்தும், அதற்காக மறுபடி ஊசி வேண்டாம்.

இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசி. முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயது கடந்தவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, போகும் நாட்டின் தூதரகத்திலும் நம் விமான நிலைய சுகாதார அலுவலகத்திலும் அந்தக் கடிதம் ஏற்கப்படுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.