வரைபடம் முடிவதற்கு முன்பே மக்களிடம் கேளுங்கள்

புதிதாக ஒரு சாலையோ பாலமோ அடுக்குமாடிக் குடியிருப்போ வரப்போகிறது என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்று நடக்கும். பொதுசுகாதாரத் துறையில் வேலை பார்ப்பதால் அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மக்கள் பேசுவார்கள், ஒருவர் எழுதிக்கொள்வார். ஆனால் சாலையின் அகலம், லாரி வரும் வழி, மழைநீர் வடியும் திசை எல்லாம் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகப் பிரித்துக் காட்டினார். தகவல் சொல்வது அதில் மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. முடிவில் பங்கு கொடுப்பது ஆறாம் படியில்தான் தொடங்குகிறது. நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலானவை நான்காம் படியைத் தாண்டியதில்லை.

கேட்கிற கேள்வியிலும் கோளாறு இருக்கிறது. "இந்தத் திட்டம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றால் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்சிகள்தான் கிடைக்கும். "காலையில் எழுந்ததிலிருந்து இந்தப் பக்கம் எங்கெல்லாம் போய் வருகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மழை பெய்தால் எந்த முனையில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் ஆஸ்துமா குழந்தை இருக்கிறது, இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் யார், முதியவர்கள் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள் என்று எல்லாம் வந்துவிடும். நில அளவைக் கருவியில் இவை பதிவாவதில்லை.

உட்கார்ந்து பேசுவதைவிட, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து நடப்பது இன்னும் நல்லது. சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய், ஒரு முதியவர் என மூன்று பேர் கூட வந்தால் போதும். சாலையைக் கடக்கும் சிக்னல்களுக்கு வினாடிக்கு 1.2 மீட்டர் நடை வேகம் என்று கணக்கு வைப்பது பரவலான வழக்கம். வயதான பலருக்கு அந்த வேகம் வராது. உடன் நடக்கிற பொறியாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேலை நடக்கும் காலத்தைத்தான் எல்லோரும் "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவதும் அந்தக் காலம்தான். கான்கிரீட்டையும் கல்லையும் காய்ந்தபடியே அறுத்தால் நுண்ணிய சிலிக்கா தூசி பறக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது. முதலில் பாதிக்கப்படுவது தொழிலாளிகள். தண்ணீர் விட்டு அறுத்தாலே தூசி பெருமளவு அடங்கும். காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரோமீட்டரோ அதைவிடச் சிறியதோ ஆன நுண்துகள்களுக்கு (பி.எம். 2.5) உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். தூசிமானியின் அளவைத் தளத்தின் வாசலில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் கேட்க வேண்டும்.

அப்புறம் கொசு. லிஃப்ட் குழி, கீழ்த்தளம், தண்ணீர் பிடித்து வைத்த டிரம் இவையெல்லாம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடங்கள். முட்டை கொசுவாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டச் சொல்கிறோம். ஆனால் முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவவும் வேண்டும். குடியிருப்பாளர் ஒருவர் வாரம் ஒருமுறை உள்ளே வந்து பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தால் போதும், இந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

கூட்டத்துக்கு வராதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள். ஒரு பகுதி மேம்பட்டதும் வாடகை ஏறி, அங்கிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தால் நல்ல காற்றும் பூங்காவும் வேறு யாருக்கோ போய்விடும். சான் ஃபிரான்சிஸ்கோவில் டிரினிட்டி பிளாசா என்ற 360 வீடுகள் கொண்ட குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டத் திட்டமிட்டார்கள். அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். இடம்பெயர்வு உடல்நலத்தை எப்படிப் பாதிக்கும் என்று நகரச் சுகாதாரத் துறை ஆராய்ந்து முன்வைத்தது. கடைசியில், வாடகைக் கட்டுப்பாட்டோடு அதே எண்ணிக்கையில் மாற்று வீடுகள் தர உடன்பாடு ஏற்பட்டது. ஒரு திட்டம் மக்களின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வதைச் சுகாதாரத் தாக்க மதிப்பீடு என்கிறோம். நாங்கள் அதைச் செய்வது இதற்குத்தான்.

இத்தனையும் பேசி முடித்தாலும், ஒப்பந்தத்தில் ஏறாதது நடக்காது. தண்ணீர் தெளிப்பது, லாரிக்குத் தார்ப்பாய் போடுவது, பள்ளி விடும் நேரத்தில் லாரியை நிறுத்துவது ஒவ்வொன்றும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே எழுதப்பட்டு, அதற்குத் தனியாகப் பணமும் ஒதுக்கப்பட வேண்டும். இல்லையென்றால் காண்ட்ராக்டருக்கு அது நஷ்டக் கணக்கு.

உங்கள் பக்கத்தில் ஏதாவது திட்டத்துக்கு அறிவிப்பு வந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே இதைக் கேளுங்கள்: தூசியோ சத்தமோ எல்லை மீறினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அவர் பெயர், தொலைபேசி எண், எத்தனை மணி நேரத்தில் பதில் வரும் என்பது மூன்றும் கூட்டக் குறிப்பில் எழுதப்படும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.