கெராத்தோகோனுஸ்: கருவிழி கூம்பும்போது

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா, போன மாதம் ஒரு கடிதத்தோடு வந்தார். மகனுக்கு 17 வயது, ஐந்தாம் படிவம். ஒரே வருஷத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியாகிவிட்டது, இன்னும் பலகையில் எழுத்து நிழல் விழுந்த மாதிரி தெரிகிறது என்கிறான். மலாய் மொழியில் இருந்த கடிதத்தில் ‘கெராத்தோகோனுஸ்’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தது. “தம்பி, இது புரையா? புள்ளைக்குக் கண்ணு போயிடுமா?” என்று கேட்டார்.

புரை இல்லை. அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. தோட்டத்துப் பெரியவர்கள் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார்களே, அந்த வெள்ளைத் தழும்பும் இல்லை. இங்கே கெடுவது கண்ணின் முன்பக்க வடிவம்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கெராஸ்’ என்றால் கொம்பு, ‘கோனோஸ்’ என்றால் கூம்பு. கண்ணுக்குக் கொம்பு எப்படி வந்தது? மாட்டுக்கொம்பை மெல்லிசாகச் சீவினால் வெளிச்சம் ஊடுருவும், உறுதியாகவும் இருக்கும். கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் விளக்குக்கூட்டில் அந்தக் கொம்புத் தகட்டைத்தான் பதித்தார்கள். கண்ணின் முன்னால் இருக்கும் படலமும் அப்படியே இருப்பதால், லத்தீனிலும் கொம்பைக் குறிக்கும் ‘கார்னு’விலிருந்து ‘கார்னியா’ என்ற பெயர் அமைந்தது. 1854இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் நாட்டிங்காம் இந்த நோயை விரிவாக எழுதியபோது, கூம்பு வடிவக் கார்னியா என்றே குறிப்பிட்டார்.

சரி, தமிழில்? கார்னியாவுக்கு ‘விழிவெண்படலம்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. அந்தப் படலம் வெள்ளை இல்லை, பளிங்கு மாதிரி தெளிவானது. ‘வெண்’ என்றதும் அக்காவுக்குப் பூவிழுந்த கண்தான் நினைவுக்கு வரும். பின்னால் இருக்கும் நிறம் ஊடுருவித் தெரிவதால் நம் மக்கள் அதைக் ‘கருவிழி’ என்கிறார்கள். கண் தானத்திலும் ‘கருவிழி மாற்று சிகிச்சை’ என்றே பேச்சு. ஆகவே, கூம்புக் கருவிழி.

இதில் ‘கூம்பு’தான் அருமையான சொல். மாலையில் தாமரை கூம்பும், கும்பிடும்போது கை கூம்பும். சங்கப் பாடல்களில் கப்பலின் பாய்மரமே கூம்பு. கிரேக்கச் சொல் ஒரு வடிவத்தை மட்டும் காட்டுகிறது. தமிழில் அது வினையாகவும் நிற்பதால், நடந்துகொண்டிருப்பதையும் சொல்லிவிடுகிறது: கருவிழி கூம்புகிறது.

உண்மையில் நடப்பதும் அதுதான். கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் தடிமன். அதன் நார்கள் வலுவிழந்து படலம் மெலிய, உள்ளழுத்தம் தாங்காமல் முன்னால் பிதுங்குகிறது. கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலையை மடித்துத் தரும் காகிதச் சுருளின் முனையை நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவு கூர் இல்லை என்றாலும். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி, முப்பதுகள் வரை மெல்ல நகரும். இரண்டு கண்ணிலும் வரும், ஆனால் ஒன்று முந்திக்கொள்ளும். கருவிழியின் கோணலைச் சரிசெய்யக் கண்ணாடியில் போடும் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும், இரவில் மோட்டார் விளக்கு சிதறும். முற்றினால் கருவிழியில் தழும்பும் விழலாம்.

அக்கா மகனை உட்காரவைத்துக் கீழே பார்க்கச் சொன்னேன். இடது கண்ணின் கீழிமை நடுவில் லேசாக முனை தள்ளியது. முற்றிய நிலையில் தெரியும் இந்த அடையாளத்துக்கு மன்சன் குறி என்று பெயர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல் முட்டியால் கண்ணை அழுத்தித் தேய்த்தான். ஒவ்வாமை அரிப்பு, சின்ன வயதிலிருந்தே உண்டாம். அந்தத் தேய்ப்புதான் இந்த நோயில் கண்ணுக்குப் பெரிய பகை. அதை முதலில் விடச் சொல்வார்கள்.

அப்புறம், கடிதத்தில் இன்னொரு சொல் இருந்தது: கிராஸ் லிங்கிங். தமிழில் குறுக்குப் பிணைப்பு. ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டு விட்டு, புறஊதா ஒளி காட்டி, தளர்ந்த நார்களை ஒன்றோடொன்று பிணைப்பது. அது மேலும் கூம்பாமல் தடுப்பதற்கு, கூம்பியதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர அல்ல. பார்வையைத் தெளிவாக்க அதன் பிறகும் கண்ணாடியோ கெட்டியான கான்டாக்ட் லென்ஸோ வேண்டும். மிக முற்றியவர்களுக்கே கருவிழி மாற்று.

அக்கா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். ஈப்போவில் மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: “இன்னும் கூம்புதா, நின்னுடுச்சா?”