ஒரு 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா? முதல் கேமிங் கணினிக்கு ரேம் வாங்கும் கணக்கு

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கேமிங் கணினிக்கு விலைப்பட்டியல் கேட்டால், ரேம் என்ற வரியில் "16 ஜிபி" என்று மட்டும் எழுதித் தரும் கடைகள் உண்டு. அது ஒரே துண்டா, 8 ஜிபி துண்டு இரண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கொள்ளளவு ஒன்றுதான், ஆனால் கேம் ஓடும் விதம் வேறு.

சாதாரண மதர்போர்டில் ரேமுக்கும் சிபியுவுக்கும் நடுவே தரவு போகும் பாதைகளாக இரண்டு சேனல்கள் இருக்கின்றன. ஒரு சேனலில் ஒரு தடவைக்கு 8 பைட் போகும். டிடிஆர்4-3200 (டிடிஆர்4 என்பது ரேமின் தலைமுறை, 3200 அதன் வேகம்) என்றால் நொடிக்கு 320 கோடி தடவை. பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு துண்டு போட்டால் இரண்டு சேனலும் வேலை செய்து 51.2 ஜிபி ஆகிறது. ஒற்றைத் துண்டில் பாதி வழி சும்மா கிடக்கிறது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த இழப்பு ஓரளவுதான், ஏனென்றால் படம் வரையும் வேலை கார்டின் சொந்த மெமரியில் நடக்கிறது. கார்டுக்குக் காசு போதாமல் ரைசன் 5 5600ஜி போன்ற, கிராஃபிக்ஸ் உள்ளடங்கிய சிபியுவோடு தொடங்குபவருக்குத்தான் பலத்த அடி. அங்கே படமும் இதே ரேமில்தான் வரையப்படுகிறது. அவர்கள் ஒற்றைத் துண்டை வாங்கவே கூடாது.

மொத்தம் 8 ஜிபி போதுமா? போதாது. விண்டோஸும் பின்னால் திறந்திருக்கும் பிரவுசரும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இடம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் எழுதி வைக்கிறது. ரேம் சுமார் 100 நானோ நொடியில் பதில் தரும். எஸ்எஸ்டிக்கு அதைப்போல் பல நூறு மடங்கு நேரம் பிடிக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். இத்தகைய காத்திருப்புகள் சேரச் சேர, திரை திக்கித் திக்கி நகரும். 16 ஜிபியில் தொடங்குங்கள். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு, 32 ஜிபிக்காகக் கிராஃபிக்ஸ் கார்டின் பட்ஜெட்டில் கை வைப்பது நல்ல முடிவல்ல.

டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதை மதர்போர்டு முடிவு செய்கிறது. ஏஎம்டி சிபியுவுக்கான ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டும். இண்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை இரண்டு வகைப் போர்டும் கிடைக்கும். வாங்கும் போர்டின் பெயரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். துண்டின் அடியிலுள்ள வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், மாற்றி வாங்கினால் செருகவே முடியாது.

ஸ்டிக்கரில் "3200, சிஎல்16" என்று இருக்கும். சிஎல் என்பது துண்டு பதில் தர எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை. அதை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் துண்டுக்குள் மட்டும் ஆகும் தாமதம் நானோ நொடியில் வரும். 3200 சிஎல்16-க்கு 10. 3600 சிஎல்18-க்கும் 10. டிடிஆர்5-6000 சிஎல்30-க்கும் அதே 10தான். 5600 சிஎல்46-க்கோ 16.4. பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் சிபியு பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று குறித்திருக்கும். முதல் இரண்டு ஸ்லாட்டிலோ கடைசி இரண்டிலோ போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும். பக்கத்துக் கொக்கி 'க்ளிக்' என்று பூட்டும் வரை அழுத்த வேண்டும். பாதி செருகிய துண்டு "கணினி ஆன் ஆகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை" என்ற புகாருக்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் டிடிஆர்5 முதல் தடவை ஆன் ஆகும்போது தன்னைச் சரிசெய்துகொள்ள சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கலாம். பயந்துபோய் சுவிட்சை அணைக்காதீர்கள்.

காசு கொடுத்து வாங்கிய வேகம் தானாக வராது. 3200 என்று எழுதியிருந்தாலும் பல துண்டுகள் 2133 அல்லது 2666-இல்தான் எழும். ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 தட்டி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ஸ்டிக்கரில் உள்ள வேகத்தைக் கொண்டுவரும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். ஏஎம்டி போர்டுகளில் இதற்கு எக்ஸ்போ, டிஓசிபி போன்ற பெயர்களும் உண்டு. பிறகு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் உண்மையான வேகம் தெரியும். இண்டெல் எச்610 டிடிஆர்4 போர்டு 3200-ஐத் தாண்டாது. அதற்கு 3600 வாங்குவது வீண்.

செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 பட்ஜெட்டுக்கு நல்ல வழி. பொன்னிற முனைகளில் அழுக்கு படிந்திருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிட்டுப் போடுங்கள். புதிதோ பழையதோ, கடை மாற்றித் தரும் கெடு முடியுமுன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யுஎஸ்பியில் ஏற்றி ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி சோதியுங்கள். அப்போது பிழை நின்றால், அந்தப் போர்டோ சிபியுவோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்றும் இருக்கலாம். ஒரு படி குறைத்துப் பாருங்கள். பிழை தொடர்ந்தால் துண்டுகளைத் தனித்தனியாகப் போட்டுக் கெட்டதைக் கண்டுபிடியுங்கள். மாற்றும்போது மட்டும் இரண்டையும் சேர்த்தே கொடுத்து, ஜோடியாகவே திரும்ப வாங்குங்கள்.