வாட்டர் பெட் வாங்கினீர்கள், வாக்கர் வாங்கவில்லை

போன வாரம் ஒரு வீட்டுக்குப் பிசியோதெரபி செய்யப் போயிருந்தேன். 76 வயது அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு இடுப்போரம் முறிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘வாக்கர் பிடித்து நடக்கலாம்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியும் இருக்கிறது. ஆனால் என்னைக் கூப்பிட்டது ஆறு வாரம் கழித்து. அதுவும் நடக்க வைக்க இல்லை. “முதுகுக்குக் கீழ புண்ணு வந்திருக்கு சார், அப்படியே கொஞ்சம் எக்சர்சைஸும் குடுத்துடுங்க” என்றார் மகன்.

அந்த ஆறு வாரமும் அம்மாவின் கால் தரையில் படவே இல்லை. வாட்டர் பெட், டயப்பர், பார்த்துக்கொள்ள ஆள், எதற்கும் குறைவைக்காத மகன்தான். வாக்கர் மட்டும் இல்லை. ஏன் என்றால், “வயசானவங்க, எலும்பு கூடற வரைக்கும் ரெஸ்ட் எடுக்கட்டும்னு...”

இந்த வருடம் இதே பதிலை நான் கேட்பது ஐந்தாவது வீட்டில்.

எலும்பு கூடும்வரை படுத்திருப்பதென்பது, காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் கிடத்திய காலத்துக் கதை. அப்போது வேறு வழியில்லை. இப்போது கம்பியும் பிளேட்டும் செயற்கை மூட்டும் வைப்பதே, பெரும்பாலானவர்களை மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைக்கத்தான். அத்தனை செலவு செய்து கம்பி வைத்துவிட்டுப் படுக்கவும் வைத்தால், கம்பி எதற்கு? நோய்நொடி இல்லாத முதியவர்களைப் 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்விலேயே, காலில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ சதை கரைந்துபோனது. அடிபட்டு, ஆபரேஷனும் ஆனவர் ஆறு வாரம் படுத்தால்? எலும்பு கூடியிருக்கும், நிற்கக் காலில் பலம் இருக்காது. சளி, படுக்கைப்புண், ரத்தக்கட்டி எல்லாம் பின்னாலேயே வரும்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “காலை எவ்வளவு ஊன்றலாம்?” சிலருக்கு மட்டும் கொஞ்ச நாள் ஊன்ற வேண்டாம் என்பார்கள். அவர்களும் உட்காரலாம். சாப்பாடு உட்கார்ந்துதான், படுக்க வைத்து ஊட்டாதீர்கள். வாட்டர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடத்தான் வேண்டும். முழங்காலுக்கு அடியில் எந்நேரமும் தலையணை வைக்காதீர்கள். மடங்கிய முட்டியை நீட்டுவதற்குள் எனக்கும் வேர்க்கிறது, அவர்களுக்கும் உயிர் போகிறது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கஞ்சி மட்டும் போதாது. முட்டை, பருப்பு, சுண்டல் கொடுங்கள். வாக்கரின் கைப்பிடி, நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினால் இதை யாரும் பார்ப்பதில்லை.

காசில்லை என்று விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அந்த அம்மாவை அன்றைக்கு நானும் மகனுமாகப் பிடித்து நிற்க வைத்தோம். இருபது எண்ணுவதற்குள் கால் வெடவெடவென்று ஆடி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்ததும் கேட்டார்: “மூணாம் நாளே பாத்ரூம் போறேன்னேன், இவங்கதான் விடல. இந்த டயப்பரை எப்ப கழட்டலாம் தம்பி?”