ஷமால் காற்றும் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும்

ஜூன் மாதம் ஷமால் என்ற வடமேற்குத் தூசிக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் கத்தாரில் எங்கள் கிளினிக்கில் கூட்டம் கூடிவிடும். தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், சாயங்காலமானால் லேசான காய்ச்சல், உடம்பு வலி. நம் ஊர்க்காரர்கள் உரிமையோடு கேட்பார்கள்: "ஒரு ஆன்டிபயாடிக் எழுதிக் குடுங்க டாக்டர், நாளைக்கு டியூட்டிக்குப் போகணும்." பெரும்பாலும் எழுத மாட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஈராக் சமவெளிப் பக்கமிருந்து கிளம்பி வரும் அந்தக் காற்றில் மண்ணோடு பாக்டீரியாவும் பூஞ்சை வித்துகளும் சேர்ந்தே வருகின்றன. வழியில் வெயிலில் நிறைய செத்துப்போகும். ஆனால் சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது; பாக்டீரியா செத்தாலும் அது அப்படியே இருக்கும், சூட்டையும் தாங்கும். அது நுரையீரலுக்குள் போனால் உண்மையான தொற்று வந்துவிட்டதாகவே நினைத்து உடம்பு எதிர்க்கத் தொடங்கும், சில மணி நேரத்தில் இருமலும் காய்ச்சலும் வந்துவிடும். பஞ்சாலையில் வேலை பார்த்த கோயம்புத்தூர், திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியும்: லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுகுமே, அதிலும் பஞ்சுத் தூசியில் இருக்கும் இதே எண்டோடாக்சினுக்குப் பங்கு உண்டு. ஆன்டிபயாடிக் என்பது உயிரோடு இருக்கும் பாக்டீரியாவுக்கான மருந்து. செத்ததை எதற்கு மறுபடி கொல்ல?

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, சளி பழுத்து வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ கதை வேறு, உடனே வந்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை ரூமில் வைத்துவிட்டு சைட்டுக்குப் போகவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. இங்கே பாலைவனத்தின் சமதரையில் கருத்த பொருக்கு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சயனோபாக்டீரியா, நீலப்பச்சைப் பாசி என்று சொல்வார்களே, அந்த பாக்டீரியா வகை. வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடந்து, குளிர்காலத்தில் மழை பட்டதும் உயிர் பெறும், மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். கத்தாரில் எடுத்த இந்தப் பொருக்கில் கல்லீரலைக் கெடுக்கும் மைக்ரோசிஸ்டினும், நரம்பைப் பாதிக்கும் என்று சந்தேகிக்கப்படும் பி.எம்.ஏ.ஏ. என்ற பொருளும் இருந்தன. 1990-91 வளைகுடாப் போருக்கு வந்த அமெரிக்க வீரர்களிடம் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டதற்கு இந்தத் தூசி காரணமாக இருக்கலாம் என்று பால் காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2009-இல் எழுதியது. இருக்கலாம் என்றுதான் சொன்னார்கள், இன்னும் நிரூபணமாகவில்லை. இதை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரில் இருக்கும் வீட்டுக்காரம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் பாதையை விட்டு விலகி வண்டி ஓட்டிப் பொருக்கை உடைக்காமல் இருக்கலாம், உடைந்தால் அத்தனையும் காற்றில்தான் கலக்கும்.

சரி, என்ன செய்வது? தலைத்துண்டை மூக்கில் சுற்றினால் பெருமணல்தான் நிற்கும், 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்தூசி உள்ளே போய்விடும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. வேலை முடிந்ததும் கம்ப்ரெசர் காற்றை அடித்து உடம்புத் தூசியை ஊதிவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள், பக்கத்தில் நிற்பவன் மூக்குக்குத்தான் அது போகிறது. ரூமை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், ஏசி ஃபில்டரை வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள். சைட்டில் மூடாத டேங்கில் பச்சை படிந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கூடக் குடிக்காதீர்கள். அதில் மைக்ரோசிஸ்டின் இருந்தால் கொதித்தாலும் போகாது.